ஒரே சளிக்கு நாலு ரிப்போர்ட்: எதை நம்புவது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் இருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவருடைய அம்மாவுக்கு வயது 63, சர்க்கரை உண்டு. 2022-ல் காசநோய் வந்து, ஆறு மாதம் மாத்திரையை விடாமல் சாப்பிட்டு முடித்தவர். இப்போது மூன்று வாரமாக இருமல். கிளினிக்கில் சளி எடுத்திருக்கிறார்கள். ஜீன்எக்ஸ்பர்ட் ரிப்போர்ட்டில் ‘ட்ரேஸ்’, அதாவது மிகச் சிறு சுவடு என்று வந்திருக்கிறது. ஸ்மியரில் கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு நிழல். கல்ச்சருக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வர ஆறு வாரம் ஆகலாமாம். இதற்கு நடுவில் ஓர் ஆய்வுக் குழுவிலிருந்து வந்து, பெட் ஸ்கேன் எடுத்துக்கொள்ளவும் ரத்தமும் சளியும் கொடுக்கவும் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள். “அக்கா, ஒரே சளி, ஒரே நுரையீரல். ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறது? எதை நம்புவது? அம்மாவை அந்த ஆய்வில் சேர விடலாமா?”

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. டர்பனில் காசநோய் லேபில் 22 வருடம் வேலை பார்த்தவள். மருந்தை இப்போதே ஆரம்பிப்பதா, காத்திருப்பதா என்பதை அம்மாவைப் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அந்த நாலு ரிப்போர்ட்டும் எந்த மேசையில், எப்படிப் பிறந்தன என்று எனக்குத் தெரியும். அது தெரிந்தால் உங்கள் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நாலும் ஒன்றையொன்று மறுக்கவில்லை, தம்பி. ஒவ்வொன்றிடமும் நாம் கேட்ட கேள்வியே வேறு. ஸ்மியரிடம் கேட்டது, மைக்ராஸ்கோப்பில் கண்ணில் படும் அளவுக்குக் கிருமி இருக்கிறதா என்று. ஜீன்எக்ஸ்பர்ட்டிடம் கேட்டது, கிருமியின் மரபணுத் துணுக்கு இருக்கிறதா என்று. கல்ச்சரிடம் கேட்டது, உயிரோடு இருக்கிறதா என்று. எக்ஸ்ரே கிருமியைப் பார்ப்பதே இல்லை, நுரையீரலின் சதையில் எங்கே அடர்த்தி கூடியிருக்கிறது என்று மட்டும் காட்டும். 2022-ல் ஒரு முறை நோய் வந்து குணமானவரிடம் இந்த நாலு கேள்விக்கும் நாலு விதமாகப் பதில் வருவது சாதாரணம்.

ஸ்மியரிலிருந்து தொடங்குகிறேன், அது என் சொந்த மேசை. சளியைக் கண்ணாடித் துண்டில் மெல்லியதாகத் தேய்த்து, காயவைத்து, சூடுகாட்டி ஒட்டவைப்போம். அதன்மேல் கார்பால் ஃபுக்ஸின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி எழும்வரை அடியில் சூடேற்றுவோம். அப்புறம் அமிலம் கலந்த ஆல்கஹாலால் கழுவுவோம். மற்றக் கிருமிகள் பெரும்பாலும் சாயத்தை விட்டுவிடும். காசநோய்க் கிருமியின் தோல் மெழுகு மாதிரியானது, ஒரு தடவை குடித்த சாயத்தை அமிலம் ஊற்றினாலும் விடாது. கடைசியில் நீலச் சாயம். ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகள், லேசாக வளைந்து, இரண்டு மூன்று சேர்ந்து கிடக்கும். ராபர்ட் கோக் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். அதற்கு அடுத்த சில வருடங்களிலேயே உருவான சாய முறைதான் இது. இப்போது பெரும்பாலும் ஆரமின் என்ற சாயம் போட்டு, எல்இடி விளக்கு வைத்த மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறோம். கறுப்பில் மஞ்சளாக மின்னும், இருட்டு வாசலில் வரிசை தவறி வைத்த கார்த்திகை விளக்குகள் மாதிரி. கண்ணுக்கு வேலை குறைவு.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரு மில்லி சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமி இருந்தால்தான் ஸ்மியரில் ஒன்றாவது கண்ணில் படும். நூறு இடம் பார்த்து ஒன்றும் இல்லை என்றால் நாங்கள் நெகட்டிவ் என்று எழுதுவோம். அதன் பொருள் ‘கிருமியே இல்லை’ என்பதல்ல. ‘இந்தக் கண்ணுக்கு எட்டவில்லை’ என்பதுதான். உங்கள் அம்மாவின் ஸ்மியர் நெகட்டிவ் என்பதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. சளியில் கிருமி குவியலாக இல்லை. அப்படி இருப்பவரைவிட வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு குறைவு. முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது, அதனால் ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த ஒரு லேபில், ஒரு வாரம் ஸ்மியருக்குப் பின் ஸ்மியர் பாசிட்டிவாக வந்தது. ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு சிவப்புக் குச்சி. இருமலே இல்லாத ஆளின் சளியிலும் அதே. எங்கள் பெரியம்மா வயதில் ஒரு சீனியர் இருந்தார். அவர் நோயாளிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றுமே தேய்க்காத வெறும் கண்ணாடித் துண்டை எடுத்து, அதே சாயம் போட்டு, அதே குழாயில் கழுவி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். அதிலும் சிவப்புக் குச்சி! குழாய்த் தண்ணீரில் வாழும் ஒரு வகை மைக்கோபாக்டீரியா அது. காசநோய்க் கிருமிக்கு ஒன்றுவிட்ட சொந்தம், பெரும்பாலும் சாது, ஆனால் சாயத்தை அதே மாதிரி பிடித்துக்கொள்ளும். குழாயின் ரப்பர் நுனிக்குள் பாசி மாதிரி படிந்து வளர்ந்திருந்தது. அந்த வாரத்து ரிப்போர்ட் எல்லாவற்றையும் நிறுத்தி, வடிகட்டிய தண்ணீரில் மறுபடி செய்தோம். அந்த வெறும் கண்ணாடித் துண்டுக்கு எங்கள் மொழியில் நெகட்டிவ் கன்ட்ரோல் என்று பெயர். ஆய்வுக் குழு அம்மாவிடம் பேசும்போது ‘கன்ட்ரோல்’ என்ற சொல் வரும், நோய் இல்லாத ஆட்களிடமும் ரத்தம் எடுப்பதாகச் சொல்வார்கள். அது வீண் வேலை இல்லை. அந்தக் கண்ணாடித் துண்டு செய்த வேலையைத்தான் அவர்கள் செய்கிறார்கள்.

சரி, ஜீன்எக்ஸ்பர்ட். ஒரு கைப்பெட்டி அளவு கார்ட்ரிஜுக்குள் அடங்கிய லேப் என்றெல்லாம் சொல்வார்கள். உண்மையில் அந்த கார்ட்ரிஜ் உள்ளங்கையில் அடங்கும். சளியோடு ஒரு திரவத்தைக் கலந்து குலுக்கி, கால் மணி நேரம் வைத்தால் கிருமி செத்துவிடும், சளியும் இளகிவிடும். அதை கார்ட்ரிஜில் ஊற்றிப் பெட்டியில் வைத்தால் மீதி எல்லாம் மெஷின் வேலை. கிருமியை உடைத்து, அதன் மரபணுவில் குறிப்பிட்ட துண்டுகளை மட்டும் பிசிஆர் முறையில் பெருக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, முப்பது சுற்றில் நூறு கோடியைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் இந்தக் கருவியை 2010 டிசம்பரில் பரிந்துரைத்தது. தென்னாப்பிரிக்கா 2011 மார்ச்சிலேயே நாடு முழுக்கக் கொண்டுவரத் தொடங்கிவிட்டது. நம் நாடு இந்த விஷயத்தில் காட்டிய வேகத்தை நான் எங்கேயும் பெருமையாகச் சொல்வேன்.

ஏன் அந்த வேகம் என்று கேட்டால் டுகேலா ஃபெர்ரியைச் சொல்ல வேண்டும். டர்பனிலிருந்து வடமேற்கே மலைப்பக்கம் இருக்கும் சின்ன ஊர். அங்கே பல மருந்துகளுக்கும் மசியாத காசநோய் 53 பேருக்கு இருந்தது என்று 2006-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த 53 பேரில் 52 பேர் இறந்துபோனார்கள். அந்தக் கட்டுரையில் என் நெஞ்சை அடைத்த எண் வேறு. சளி கொடுத்த நாளிலிருந்து கணக்கிட்டால், இறந்தவர்களில் பாதிப் பேர் 16 நாளுக்குள்ளேயே போய்விட்டார்கள். கல்ச்சர் வளரவே வாரக்கணக்கில் ஆகும், அதற்குமேல் எந்த மருந்து வேலை செய்யும் என்று பார்க்க இன்னும் சில வாரம். ரிப்போர்ட் எழுதும்போது பெயருக்கு உரியவர் இல்லை. லேபில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய துக்கம் இல்லை. ஜீன்எக்ஸ்பர்ட் இரண்டு மணி நேரத்துக்குள் கிருமி உண்டா என்பதோடு, ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அது மசியுமா என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. அந்த 16 நாளுக்கு முன்னால் சொல்லக்கூடிய கருவி அதுதான்.

பின்னாளில் அந்தக் கிருமிகளின் முழு மரபணுவையும் படித்துப் பார்த்தார்கள். இங்கே நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் பரவிய அந்த வகை 1950-களின் பிற்பாதியிலேயே முதல் மருந்து எதிர்ப்பைச் சேர்த்துக்கொண்டதாகவும், 1990-களின் நடுவிலேயே கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் மசியாத நிலைக்கு வந்துவிட்டதாகவும் கணக்கிட்டார்கள். நாம் கண்டுபிடித்தது 2005-க்கு மேல். பத்து வருடம் நம் நடுவில் இருந்திருக்கிறது.

இப்போது அம்மாவின் ‘ட்ரேஸ்’. 2017-ல் அல்ட்ரா என்ற புது கார்ட்ரிஜ் வந்தது. பழையது ஒரு மில்லியில் சுமார் 130 கிருமி இருந்தால் பிடிக்கும், இது சுமார் 16 இருந்தாலே பிடிக்கும். எப்படி? கிருமியின் மரபணுவில் ஒரே ஒரு தடவை மட்டும் வரும் துண்டைத் தேடுவதோடு, பல தடவை திரும்பத் திரும்ப வரும் துண்டுகளையும் தேடுகிறது. பல பிரதி இருப்பது சீக்கிரம் அகப்படும். அந்தப் பல பிரதித் துண்டு மட்டும் அகப்பட்டு, ஒற்றைப் பிரதித் துண்டு அகப்படாவிட்டால் மெஷின் ‘ட்ரேஸ்’ என்கிறது. ரிஃபாம்பிசின் பற்றிய தகவல் அந்த ஒற்றைத் துண்டில்தான் இருக்கிறது, அதனால்தான் உங்கள் ரிப்போர்ட்டில் அந்த இடத்தில் ‘தெரியவில்லை’ என்று வந்திருக்கும். மெஷின் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம்.

ஆனால் பிசிஆருக்கு உயிர் உள்ளது, செத்தது என்ற பேதம் கிடையாது. மருந்தில் செத்த கிருமியின் துணுக்குகள் நுரையீரலின் தழும்புக்குள் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தங்கிவிடும். இருமும்போது ஒரு சிதறல் வெளியே வந்தால் அல்ட்ரா அதையும் பிடித்துவிடும். முன்பு நோய் வந்து போனவரிடம் ‘ட்ரேஸ்’ வந்தால், அது புது நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம், பழைய நோயின் மிச்சமாகவும் இருக்கலாம். அந்த ஒரு தாளை வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் கல்ச்சர்.

கல்ச்சர் ஏன் இவ்வளவு நாள் எடுக்கிறது என்று எல்லோரும் எங்கள் மேல் கோபப்படுவார்கள். சாதாரண குடல் கிருமி இருபது நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமி இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். நாங்கள் என்ன செய்தாலும் அதை அவசரப்படுத்த முடியாது. சளியில் வேறு நூறு கிருமிகள் இருக்கும், அவை முந்திக்கொண்டு டியூபை நிரப்பிவிடும். அதனால் முதலில் காரம் சேர்த்து மற்றவற்றைக் கொல்ல வேண்டும். காரம் கூடினால் நம் கிருமியும் செத்துவிடும், குறைந்தால் மற்றது பிழைத்துவிடும். கடிகாரத்தைப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. ஜனவரி வெயிலில், ஐஸ் இல்லாத பெட்டியில், வெள்ளி மதியம் எடுத்த சளி திங்கள் காலையில் வந்து சேர்ந்தால் என்ன காரம் போட்டாலும் கெட்டுப்போகும். அப்படி எத்தனையோ சாம்பிளுக்கு ‘மாசுபட்டது, மறுபடி அனுப்பவும்’ என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் அந்த ஆள் மறுபடி கிளினிக்குக்கு எப்படி வருவார், டாக்ஸிக்குக் காசு இருக்குமா என்று மனம் அடித்துக்கொள்ளும்.

அப்புறம் அதைத் திரவம் நிறைந்த டியூபில் போட்டு 37 டிகிரியில் வைப்போம். டியூபின் அடியில் ஒரு சிறு ரப்பர் பொட்டு இருக்கும். பக்கத்தில் ஆக்சிஜன் இருக்கும்வரை அது ஒளிராது. கிருமி வளர்ந்து ஆக்சிஜனைத் தின்னத் தின்ன, புற ஊதா ஒளியில் ஆரஞ்சு நிறமாக ஒளிரத் தொடங்கும். மெஷின் மணிக்கொரு தடவை எல்லா டியூபையும் பார்த்துக்கொண்டே இருக்கும். 42 நாள் ஆகியும் ஒளிராவிட்டால்தான் நெகட்டிவ். அந்த ஆறு வாரக் கணக்கு இதுதான். ஒளிர்ந்தால் உடனே ஒரு சொட்டு எடுத்துச் சாயம் போட்டுப் பார்ப்போம். காசநோய்க் கிருமி திரவத்தில் வளரும்போது தனித்தனியாக மிதக்காது, ஒன்றோடொன்று ஒட்டிப் பின்னிக்கொண்டு வளரும். சிறு பெண்ணுக்கு இறுக்கிப் பின்னின சடையைப் போல, நுனி வளைந்து கிடக்கும். இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரக்கணக்கில் பார்த்துவிட்டேன், இன்றைக்கும் அந்தச் சடையைக் கண்டால் ஒரு கணம் கை நின்றுவிடும். சளி நிறையக் கிருமியுள்ளவருக்குப் பத்துப் பன்னிரண்டு நாளிலேயே ஒளிர்ந்துவிடும். ஆகவே இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ஒரு தடவை கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். ஆறு வாரம் என்பது கடைசி எல்லை.

எக்ஸ்ரேக்கு வருகிறேன். ரோன்ட்கன் 1895 நவம்பர் 8 அன்று அந்தக் கதிரைக் கண்டார். நூற்று முப்பது வருடம் ஆகிவிட்டது, இன்னும் காசநோயில் அதற்கு ஓய்வு இல்லை. தென்னாப்பிரிக்காவில் 2017 முதல் 2019 வரை நாடு தழுவிய கணக்கெடுப்பு ஒன்று நடத்தினார்கள். சுமார் 35,000 பேர் கலந்துகொண்டார்கள். அதில் காசநோய் உறுதியானவர்களில் 57.8 சதவீதம் பேருக்கு இருமல், காய்ச்சல், இளைப்பு எதுவும் இல்லை. எக்ஸ்ரேயில் தெரிந்த மாறுதலை வைத்துத்தான் அவர்களைப் பிடித்தார்கள். வடக்கே சோம்கேலே பக்கம் ‘வுகுசாஸி’ என்று ஓர் ஆய்வும் அதே காலத்தில் நடந்தது. ‘எழுந்து உன்னை அறிந்துகொள்’ என்று ஜூலு மொழியில் பொருள். ஊருக்குள்ளேயே எக்ஸ்ரே வண்டியைக் கொண்டுபோய், படத்தைக் கம்ப்யூட்டரைக் கொண்டு படிக்கவைத்து, சந்தேகம் உள்ளவரிடம் சளி வாங்கினார்கள். இருமல் வந்தால்தான் டிபி என்று நம் வீடுகளில் இருக்கும் எண்ணம் சரியில்லை என்று காட்டியவை இந்த ஆய்வுகள்.

ஆனால் எக்ஸ்ரே ஒரு நிழல். மரத்துக்குப் பின்னால் ஆள் நின்றாலும் சுவரில் ஒரே நிழல்தான் விழும். விலா எலும்பு, தழும்பு, புதுப்புண் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே வெள்ளையாகத் தெரியும். அம்மாவின் 2022 எக்ஸ்ரே வீட்டில் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டாக்டருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை.

அந்த நிழலைப் பிரித்துக் காட்டுவது சிடி ஸ்கேன். அதற்கான கணக்கைப் போட்டதில் நம் நாட்டுக்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த ஆலன் கார்மாக், கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளர். 1956-ல் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் பகுதிநேரமாகக் கதிர் வேலையைக் கவனித்துக்கொள்ளப் போனார். புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும்போது உடலுக்குள் எந்த இடம் எவ்வளவு கதிரை உறிஞ்சுகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை என்பது அவர் மனதை அரித்தது. பல பக்கத்திலிருந்து கதிரைச் செலுத்தி, வெளியே வருவதை அளந்தால், உள்ளே இருப்பதைக் கணக்கிலேயே வரைந்துவிடலாம் என்று யோசித்தார். சோதிக்க, அலுமினிய வட்டு ஒன்றைச் சுற்றி மரவளையம் வைத்து, கோபால்ட் கதிரால் அளந்தார். கணக்கு சரியாக வந்தது, ஆனால் நட்ட நடுவில் மட்டும் எண் சற்றுக் குறைந்தது. விசாரித்தால், அந்த வட்டைச் செய்தவர்கள் நடுவில் வேறு அலுமினியத்தில் ஒரு சிறு முளையைச் செருகியிருந்தார்கள்! கண்ணுக்குத் தெரியாத அந்த முளையை அவர் கணக்கு கண்டுபிடித்துவிட்டது. 1963, 1964-ல் எழுதிய கட்டுரைகளை அப்போது யாரும் சீந்தவில்லை. இங்கிலாந்தில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் தனியாக மெஷினையே கட்டினார், 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்குத் தலை ஸ்கேன் எடுத்தார்கள். 1979-ல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு. சிடி ஸ்கேன் அறைக்குள் போகும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த முளைதான் நினைவுக்கு வரும். எதிர்பாராத எண் வந்தபோது அவர் அதை அழித்துவிடவில்லை, போய் விசாரித்தார். எங்கள் சீனியர் குழாயைச் சந்தேகப்பட்டதும் அதே குணம்.

சிடி அடர்த்தியைத் துண்டு துண்டாகக் காட்டும். ஆனாலும் பழைய தழும்பா, புதுப்புண்ணா என்பதில் அதுவும் சில நேரம் தடுமாறும். இங்கேதான் உங்கள் ஆய்வுக் குழு கேட்கும் பெட் ஸ்கேன் வருகிறது. சர்க்கரையின் சாயலில் செய்த ஒரு பொருளில் கதிர்வீசும் ஃப்ளோரினைச் சேர்த்து நரம்பில் ஏற்றுவார்கள். உடலில் எந்தத் திசு சுறுசுறுப்பாக வேலை செய்கிறதோ அது சர்க்கரை என்று நினைத்து அதை இழுத்துக்கொள்ளும், ஆனால் செரிக்க முடியாது. அது அங்கேயே தங்கிவிடும், ஸ்கேனில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். கிருமியோடு சண்டைபோடும் வெள்ளை அணுக்களும் நிறையச் சர்க்கரை தின்பவை. ஆறிய தழும்பு பெரும்பாலும் மங்கலாக இருக்கும், சண்டை நடக்கும் இடம் எரியும். அந்த ஃப்ளோரினின் வீரியம் 110 நிமிடத்துக்கு ஒரு தடவை பாதியாகும், அதனால் தயாரித்த உடனே வண்டியில் ஏற்றி ஓட வேண்டும். அன்று ட்ராஃபிக் என்றால் ஸ்கேன் தள்ளிப்போகும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இதுவும் முழுப் பதில் இல்லை. ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், மருந்து முடித்து, கல்ச்சர் நெகட்டிவாகி, குணமானவர் என்று எழுதப்பட்ட பலருக்கும் பெட் ஸ்கேனில் நுரையீரல் இன்னும் எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தார்கள். சிலருக்குச் சளியில் கிருமியின் ஆர்என்ஏ-வும் இருந்தது. ஆர்என்ஏ சீக்கிரம் சிதைந்துபோகும் பொருள், அது இருந்தால் சமீபத்தில் உயிர் இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். அவர்களில் பெரும்பாலானவர்களை அவர்கள் உடம்பே கட்டுப்படுத்தி வைத்திருந்தது. யாருக்கு நோய் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்று முன்கூட்டியே சொல்ல ஒரு வழி கிடைத்தால், உங்கள் அம்மா மாதிரி ‘ட்ரேஸ்’ தாளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள்! அம்மாவிடம் ஆய்வுக் குழு வந்ததற்குக் காரணம் அவருடைய குழப்பமான ரிப்போர்ட்தான் என்பது என் ஊகம். பளிச்சென்று பாசிட்டிவாக வருபவரிடம் கற்றுக்கொள்ள இவ்வளவு இல்லை.

சேர விடலாமா என்றால், என் அபிப்பிராயம்: விடலாம், ஆனால் சில கேள்விகளுக்குப் பதில் வாங்கிய பிறகு. இந்த நாட்டில் எந்த மருத்துவ ஆய்வும் அறநெறிக் குழுவின் அனுமதி இல்லாமல் நடக்கக் கூடாது, அது சட்டம். படிவத்தில் அந்த அனுமதி எண் இருக்கிறதா பாருங்கள். ஆய்வுக்காக மருந்தைத் தள்ளிப்போடுவார்களா என்று நேராகக் கேளுங்கள். இல்லை என்ற பதில் வர வேண்டும். ஸ்கேனில் வேறு ஏதாவது தெரிந்தால் சொல்வார்களா? பெட் ஸ்கேனில் புற்றுக்கட்டியும் எரியும், அதனால் இந்தக் கேள்வி முக்கியம். எடுக்கும் ரத்தத்தை மைனஸ் 80 டிகிரியில் வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். அதில் அம்மாவின் மரபணுவைப் படிக்கத் தனிச் சம்மதம் கேட்பார்கள், அதற்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அம்மாவுக்கு உண்டு. நடுவில் விலகினாலும் கிளினிக்கில் கிடைக்கும் சிகிச்சை குறையக் கூடாது.

கதிர் அளவும் கேளுங்கள். மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்குச் சுமார் 0.1 மில்லிசீவர்ட். மார்பு சிடி அதைப்போல ஐம்பது, அறுபது மடங்கு. பெட் அதற்கு மேலும் சேர்க்கும். 63 வயதில் ஓரிரு ஸ்கேனுக்காக நான் பயப்பட மாட்டேன், ஆனால் எத்தனை தடவை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தால் ஏற்றும் மருந்தை உடம்பு சரியாக இழுக்காது, படம் கெட்டுவிடும். சர்க்கரை லிட்டருக்கு 11 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் அன்று ஸ்கேன் எடுக்க மாட்டார்கள். முதல் நாளே மாத்திரை, ஊசி நேரத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள். வெறும் வயிற்றில் அவரை மயங்கவைக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பே இரண்டு மூன்று மடங்கு கூடுதல். டர்பனில் நம் ஜனங்கள் இருக்கும் பகுதிகளில் சர்க்கரை இல்லாத வீடு அபூர்வம், இதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

இன்னொன்று. படிவம் ஆங்கிலத்திலோ ஜூலுவிலோ இருக்கும். அம்மாவுக்கு ஆங்கிலம் நன்றாகப் பேச வரலாம், ஆனால் படிவத்து ஆங்கிலம் வேறு. ஒரு தடவை ஓர் ஆய்வில், வயதான ஒரு அம்மா பன்னிரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, “இது எனக்கு பென்ஷன் பேப்பரா மா?” என்று என்னைக் கேட்டார். எனக்கு இன்னும் மறக்கவில்லை. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில் ஒவ்வொரு பத்தியாகச் சொல்லி, அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். முடிவு அவருடையதாக இருக்கட்டும். என் பாட்டி காலத்தில் டிபி என்ற சொல்லையே வீட்டில் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். டர்பன் நியூலாண்ட்ஸில் ஃபோசா என்ற காசநோய் இல்லத்துக்குப் போனவரைப் பற்றி ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்றுதான் சொல்வார்கள், தட்டும் தம்ளரும் தனி. அந்த வெட்கத்தில் அம்மா தலையாட்டிவிடக் கூடாது, வேண்டாம் என்று ஓடவும் கூடாது.

ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் மறுபடி சளி கேட்பார்கள். அது நன்றாக இருந்தால்தான் மேலே சொன்ன எந்த மெஷினும் வேலை செய்யும். காலையில் எழுந்ததும், காப்பிக்கு முன்னால் எடுக்க வேண்டும். வாயைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம், ஏன் என்று உங்களுக்குத் தெரியும். பின்வாசலில் கறிவேப்பிலை மரத்தடியில், காற்று ஓடும் இடத்தில், யாரும் பக்கத்தில் இல்லாமல் நிற்கட்டும். இரண்டு தடவை ஆழமாக மூச்சை இழுத்து விட்டு, மூன்றாவது மூச்சில் நெஞ்சின் அடியிலிருந்து இரும வேண்டும். எச்சில் வேண்டாம், கெட்டியாக, ஒரு டீஸ்பூன் அளவு வந்தால் போதும். மூடியை இறுக்கி, தேதியும் பெயரும் மூடியில் எழுதாமல் டப்பாவின் பக்கவாட்டில் எழுதி, ஃப்ரிட்ஜில் வைத்தோ உடனேயோ கிளினிக்கில் கொடுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் கொடுக்காதீர்கள்.